நின்னாத்தான் அவுப்பேன்

பாய்,

மயிலாப்பூர்க் குளத்து மீன்கள் அத்தனையின் மேலும் ஆணையாக, ஒருவரும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். இன்று காலை பால்கனிக் கொடியிலிருந்து என் லுங்கி நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி போடும்போது கொடிக் கயிறு மூக்கில் உரசியது. எத்தனை மழையில் நனைந்தும் அதில் உன் குதிரையின் வியர்வை வாடை போகவில்லை.

கிண்டி ரேஸில் ஓடி ஓய்ந்த அந்த வெள்ளைக் குதிரையைக் கல்யாண ஊர்வலத்துக்கென்று வாங்கி வந்தாய். ஓடத் தெரிந்த அதற்கு நிற்கத் தெரியவில்லை. தி.நகர் மண்டப வாசலில் கட்டிய முதல் நாளே வாழைமரம், வரவேற்புப் பலகை, தவில்காரரின் நாற்காலி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு பறந்தது. நங்கநல்லூர் ஆஞ்சநேயரே ‘யாரப்பா எனக்குப் போட்டி?’ என்று எட்டிப் பார்த்த பிறகுதான் வேகத்தைக் குறைத்தது.

“இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா எவனும் கூப்ட மாட்டான் நைனா. அப்பால இதுக்கும் சோறில்ல, எனக்கும் சோறில்ல” என்றாய்.

மறுநாளே திருவல்லிக்கேணியில், உன் வீட்டுச் சுவரின் இரும்பு வளையத்தில் அதைக் கட்டிவிட்டு, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் டீயோடு உட்கார்ந்தாய். அது குளம்பால் தோண்டிய குழியில் நீர் ஊறி, தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. அது உதைத்த உதையில் கலங்கரை விளக்கம் ஒரு சாண் சாய்ந்தது. கயிறு உரசிக் கழுத்துத் தோல் உரிந்தபோது எனக்கே பொறுக்கவில்லை.

“பாவம் பாய், அவுத்து வுடேன்.”

“ஆடசொல்ல அவுத்தா, ஆட்டந்தான் தொறக்குற சாவின்னு நெனச்சிக்கும். நின்னாத்தான் அவுப்பேன்.”

“நீ மனுசனா, கசாப்புக் கடையா?”

“நிக்கட்டும் நைனா. அப்பால ஒரு நொடி லேட் பண்ணா கேளு.”

ஒன்பதாம் நாள் நின்றது. காதைத் தளர்த்தி, உன்னையே பார்த்துக்கொண்டு நின்றது. டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினாய். முடிச்சின் வாலை ஒரே இழுப்பு, கயிறு விழுந்தது. குதிரையிடம் கூடச் சொன்ன சொல் தவறாத ஆள் என்று ஊரெல்லாம் உன்னைக் கேலி செய்து திரிந்தேன்.

போன ஐப்பசியில் நீ ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாய். அதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாயாம். இரண்டு மணிக்கட்டையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நீ இழுத்த இழுப்பில் கட்டில் குலுங்கியது. மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

“அவுத்து வுடு நைனா.”

என் வாய் சும்மா இருக்குமா? “ஆடசொல்ல அவுக்க மாட்டேன் பாய். நின்னாத்தான்.”

சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ நின்றுவிட்டாய். கட்டில் அடங்கியது. ஒரு விரல்கூட அசையாமல் என் முகத்தையே பார்த்தாய்.

முடிச்சில் கை வைத்தேன். “சார், தொடாதீங்க. அவுத்தா டியூப்ப புடுங்கிடுவாரு” என்றார் நர்ஸ். கையை எடுத்துப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. அந்த அரை மணியும் நீ ஆடவில்லை. கண்ணையும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. “நாளைக்குப் பாத்துக்கலாம் பாய்” என்று சொல்லிவிட்டு, கீழே கேன்டீனில் இரண்டு வடை தின்றேன்.

மறுநாள் போனபோது கட்டில் காலி. “நீங்க போனப்புறம் ஒரு தடவைகூட கையை இழுக்கல சார். அவ்ளோ அமைதி” என்று நர்ஸ் உன்னைப் பாராட்டினார்.

குதிரை இப்போது வேறு யாரிடமோ நிற்கிறது. கயிறு என்னிடம். கொடியை உன் முடிச்சுப் போட்டுத்தான் கட்டியிருக்கிறேன். வாலை இழுத்தால் அவிழ்ந்துவிடும். இழுத்ததில்லை.

ஆஞ்சநேயர் எட்டிப் பார்த்தது பொய். கலங்கரை விளக்கம் சாய்ந்ததும், குழியில் நீர் ஊறியதும் பொய். ஒன்பது நாள்கூட இல்லை, நாலே நாள். ஒரே ஒரு துளி மட்டும் நிஜம்: நீ நின்றாய் பாய். நான் அவிழ்க்கவில்லை.