மெத்தென்று இறங்கும் பிரேக்

1928 செப்டம்பர் 4

மழை. தோட்டத்துத் துரையை சுங்கை சிப்புட் தபாலாபீசுக்குக் கூட்டிப் போய்த் திரும்பும்போது ரயில் கேட் மூடியிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி மெத்தென்று இறங்கிற்று. கார் நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. துரை பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை.

செப்டம்பர் 6

சக்கரங்களில் பிரேக் பட்டையை இறுக்கினேன். பெடல் இப்போது மேலே நிற்கிறது. மெத்தென்று இருப்பது மட்டும் போகவில்லை.

நான் முன்பு ஓட்டிய கார்களில் எல்லாம் இரும்புக் கம்பிதான். தேய்ந்தாலும் அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். இந்த அமெரிக்கக் காரில் குழாய்க்குள் எண்ணெய் ஓடிப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கிறது. சீமைக்குத் திரும்பிய வேறொரு துரையிடமிருந்து நம் துரை வாங்கிய பழைய கார். உள்ளே என்ன நடக்கிறது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

செப்டம்பர் 9

குழாயில் காற்று புகுந்திருக்க வேண்டும் என்று தோன்றிற்று. பெடலை மிதிக்க ஒரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரி இருளாயி துரை பங்களாவில் ஆயா. துரையின் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். நான் காருக்கு அடியில் படுத்துச் சக்கரத்துத் திருகாணியைத் திறந்தேன்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

“இப்ப விடு.”

எண்ணெயோடு குமிழ் குமிழாக வந்தது. நாலு சக்கரத்திலும் அப்படியே செய்தோம். கடைசியில் பெடல் கெட்டிப்பட்டது.

“காத்தா இத்தனை வேலை செஞ்சுச்சு?” என்றாள் இருளாயி. குழந்தையின் காலில் எண்ணெய் சொட்டியிருந்ததைத் தன் முந்தானையால் துடைத்தாள். நாலைந்து நாளைக்குப் பிறகு இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 12

மறுபடியும் பஞ்சு.

செப்டம்பர் 13

துரையிடம் சொன்னேன். துரைக்குத் தமிழ் வரும், தோட்டத்துத் தமிழ். “எண்ணெய் பிரேக் இப்படித்தான் இருக்கும், சின்னையா. உன் கால் பழைய காருக்குப் பழகின கால்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்படியும் இருக்குமோ? நான் புதுக் காரை ஓட்டியதில்லை. எது சரி என்று என் காலுக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் 21

துரை ஈப்போ கிளப்பில் இருந்தபோது காரைப் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். சீனர் ஒருவர் குனிந்து பார்த்தார், பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். “தா தாவு” என்று தலையை ஆட்டிவிட்டார். தெரியாதாம். இந்த மாதிரிக் காரை அவர் திறந்ததே இல்லையாம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத மனிதர். ஆனால் எனக்கு அதனால் என்ன?

அக்டோபர் 2

குழந்தையை மேட்டுத் தோட்டத்து பங்களாவுக்கு விளையாடக் கூட்டிப் போவது வாரத்தில் பல நாள் நடக்கிறது. பின்சீட்டில் துரையின் மனைவி மெம், பக்கத்தில் இருளாயி, அவள் மடியில் குழந்தை. இன்று இறக்கத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பெடல் அடிவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, வாய்க்கால் ஓரமாக நிறுத்தினேன். மெம்முக்குக் கோபம். கண்ணாடியில் இருளாயியின் முகத்தைப் பார்த்தேன். குழந்தையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

எனக்குப் பின்னால் என் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள், நான் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறேன் — ஓட்ட மாட்டேன் என்று யாரிடம் சொல்ல?

அக்டோபர் 5

கண்டுபிடித்துவிட்டேன்.

சக்கரத்துக்கு அருகில் குழாய் வளைய வேண்டிய இடத்தில் செம்பு கிடையாது. ரப்பரில் செய்த கித்தாக் குழாய் மாட்டியிருக்கிறார்கள். இருளாயியை மிதிக்கச் சொல்லி, அந்தக் குழாயை விரலால் பிடித்துக்கொண்டேன். அவள் மிதித்ததும் தவளைத் தொண்டை மாதிரி உப்பிற்று. விட்டதும் சுருங்கிற்று. மிதிக்கிற பலமெல்லாம் சக்கரத்துக்குப் போகாமல் கித்தாவை உப்ப வைப்பதில் போகிறது. வெயிலிலும் சேற்றிலும் கிடந்து நைந்துவிட்டது. சேருகிற இடத்தில் காற்றையும் உள்ளே விடுகிறது போலிருக்கிறது. இத்தனை நாள் நான் காற்றை எடுத்ததும் அது திரும்பி வந்ததும் இதனால்தான்.

துரையைக் கூட்டி வந்து காட்டினேன். குனியவில்லை. “சரி, புதுக் குழாய்க்குச் சிங்கப்பூருக்கு எழுதுகிறேன்” என்றார்.

சணல் கயிற்றை இறுக்கமாகச் சுற்றிவைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

அக்டோபர் 19

நாளைக்குத் தைப்பிங் போக வேண்டுமாம், மெம், குழந்தை, ஆயா எல்லோரும். குவாலா கங்சார் தாண்டி புக்கிட் பெராப்பிட் மலையில் ஏறி இறங்க வேண்டும்.

“தொரைங்க, சிங்கப்பூர்லேருந்து குழாய்...” என்றேன்.

“இன்னும் எழுதவில்லை. அது எங்கே ஓடிப் போகிறது?”

கயிறு ஏற்கனவே தளர்ந்துவிட்டது. இன்று மறுபடி சுற்றினாலும் நாளைக்குப் பாதி மலை வரை தாங்குமா?

அக்டோபர் 20, காலை

செய்துவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற சின்னத் துண்டு ஒன்று உண்டு. விடியற்காலையிலேயே அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு கார் கிளம்பவில்லை. துரை இறங்கி வந்தார், மூடியைத் திறந்தார். ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

“எங்கே?”

“எங்கிட்டதான் இருக்கு, தொரைங்க. இந்த பிரேக்கோட மலைல எறங்கக் கூடாது.”

கையை நீட்டினார். கத்தவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான் கொடுத்துவிட்டேன் — ஏன் கொடுத்தேன்? காட்டுக்குள் வீசியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது.

துரையே மாட்டினார், துரையே ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். நான் பின்பக்கம் போய், “நீ எறங்கு புள்ள” என்றேன்.

“நான் எறங்குனா பாப்பாவ யாரு புடிச்சுக்குவா?” என்றாள் இருளாயி.

கார் போய்விட்டது. லயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதுவதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

அதே நாள், சாயங்காலம்

வந்துவிட்டார்கள். எல்லோரும் முழுசாக.

இருளாயி தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: “போறப்ப மலை எறக்கத்துல தொரையோட கழுத்தெல்லாம் வேர்வை. மெம் பேசிக்கிட்டே வந்துச்சு, அவரு ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. கைபிரேக்க இழுத்துப் புடிச்சுக்கிட்டு எறும்பு மாதிரி எறங்குனாரு.”

“அப்புறம் ஏதாச்சும் சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லல.”

அப்படியானால் அவருக்குத் தெரிந்துவிட்டது. இனிக் குழாய் வரும்.

அக்டோபர் 22

காலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வேலை போய்விட்டது. துரை என் முகத்தைப் பார்க்கவில்லை, கணக்கெழுதும் கிராணியைக் கொண்டு சொல்ல வைத்தார். காரைக் கெடுத்த குற்றம். லயத்து வீட்டையும் விட வேண்டும்.

இருளாயி மட்டும் பங்களாவில் இருக்கட்டும் என்று மெம் கேட்டிருக்கிறது. “நீங்க போற எடத்துக்குத்தான் வாரேன்” என்றாள் என்னிடம். பிறகு பங்களாவுக்குப் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்க வைத்துவிட்டு வந்தாள்.

நவம்பர் 3

ஈப்போ. லாரி கழுவுகிறேன். இருளாயி டோபி கடையில் துணி மடிக்கிறாள்.

நவம்பர் 18

கார் சத்தம் கேட்டால் இருளாயி கடை வாசலுக்கு வந்துவிடுகிறாளாம். டோபிக்காரர் குறைபட்டுக்கொண்டார். எனக்கும் அப்படித்தான்.

டிசம்பர் 9

துரையின் புது டிரைவரைப் பாசாரில் பார்த்தேன். தாவூத், பினாங்குக்காரர். நான் யார் என்று சொன்னதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு காப்பி வாங்கிக் கொடுத்தார்.

“கித்தாக் குழாய் நாலையும் மாத்தியாச்சு, அண்ணே. நான் வர்றதுக்கு முன்னாடியே சிங்கப்பூர்லேருந்து வந்து கெடந்துச்சு. பிரேக் இப்ப நல்லா புடிக்குது லா” என்றார். குனிந்து கோப்பையைப் பார்த்தபடி, “முன்னாடி இருந்த டிரைவர்தான் கெடுத்துட்டான்னு தொரை எல்லார்கிட்டயும் சொல்றாரு” என்றார்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மார்பில் இருந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போல இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இருளாயியிடம் சொன்னேன். என் பெயர் கெட்டதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“நல்லா நிக்குதாமா?”

“நிக்குதாம்.”

“பாப்பா?”

“சொகமா இருக்காம்.”

தலையை ஆட்டிவிட்டு அரிசி களையப் போனாள். காரில் ஏறும்போதெல்லாம் குழந்தை பின்சீட்டில் பக்கத்து இடத்தைத் தட்டித் தட்டி ஆயாவைக் கேட்கிறது என்று தாவூத் சொன்னதை, நான் அவளிடம் சொல்லவில்லை.