சாப்பிடுவதற்கு முன் சொல்ல வேண்டியது

உர்பெல்
மே 19, செவ்வாய்

அன்புள்ள உனாய்,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். சிகாகோவில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வருகிறது, மழையோடு போகிறது, இந்த மாதம் மழை போகவே இல்லை. உன் தங்கை நெரேயா துறைமுகத்தின் பக்கம் வீடு பார்த்துக் குடிபோய்விட்டாள், ஞாயிறு தவறாமல் வருகிறாள், வந்தவுடன் உன் அறையில் ஒழுகும் கூரையைப் பற்றி என்னிடம் கேட்கிறாள், நான் ஆளுக்குச் சொல்லியிருப்பதாகச் சொல்கிறேன், ஆளுக்கு இன்னும் சொல்லவில்லை. எதிலும் மனம் நிலைக்கவில்லை. தேர்வுத்தாள்கள் திருத்தப்படாமல் கிடக்கின்றன. இந்தக் கடிதத்தைப் பள்ளி ஆசிரியர் அறையில் தொடங்கினேன், இப்போது சமையலறையில் தொடர்கிறேன், நடுவில் எழுந்து போய் ஜன்னலை மூடினேன், மறுபடியும் திறந்து வைத்தேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ நடந்துகொண்டே பேசுகிறாய், நான் சொல்ல வருவது உட்கார்ந்து கேட்க வேண்டியது.

நம் கால்பந்துக் கழகத்துக்காக உன் நிறுவனம் தயாரித்த அறிக்கையை நீ பெருமையோடு அனுப்பியிருந்தாய், படித்தேன். இருபதாயிரம் பேர் வாழும் ஒரு மீன்பிடி ஊரின் அணி நாற்பது ஆண்டுகளாக முதல் பிரிவை விட்டு இறங்காமல் இருப்பதற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு அதில் வட்டங்களும் அம்புகளும் போட்டு விடை எழுதியிருக்கிறீர்கள். பிராந்திய உணர்வு என்கிறீர்கள், சிறிய மைதானம் என்கிறீர்கள், கடல் காற்றுக்குப் பழகாத வெளியூர் அணிகள் திணறுகின்றன என்கிறீர்கள். பக்கத்து ஊர் லாரேட்டாவிலும் இதே காற்றுதான் அடிக்கிறது, அவர்கள் நான்காம் பிரிவில் கிடக்கிறார்கள். இதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். நீக்க வேண்டிய செலவுகள் என்ற தலைப்பின் கீழே, பதினாறு வயதில் இளையோர் அணியிலிருந்து கழித்துவிடப்படும் பையன்களின் வீடுகளுக்குப் பயிற்சியாளர் கோல்டோ நேரில் போய்ச் சொல்வதை நீங்கள் 'பயனற்ற நேரம்' என்று எழுதியிருந்த இடத்தில்தான் நிறுத்தினேன். அந்தப் பகுதியை எழுதியது நீதான் என்று நீயே எனக்குச் சொல்லியிருந்தாய்.

நிர்வாகக் குழு பொதுக்குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் இந்த ஆண்டே அதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. கழிக்கப்பட்ட பையன்களுக்குக் கைப்பேசியில் செய்தி போயிற்று, 'உன் எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள்' என்று. ரொட்டிக்கடை கராசியின் மகன் எகாய்ட்ஸுக்கும் வந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன் அறிக்கையில் அதற்கு வட்டம் இல்லை. செய்தியைப் படித்த பிறகும் அவர்கள் அதை முடிவு என்று எடுத்துக்கொள்ளவில்லை. கோல்டோ வந்து சொல்லாமல் அது எப்படி முடிவாகும் என்று கராசி ஒவ்வொரு இரவும் மேசையில் ஒரு தட்டை அதிகமாக வைத்துக் காத்திருந்திருக்கிறாள், மூன்று வாரமாக. போன சனிக்கிழமை கடையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் வாத்தியாரே, உங்க கோல்டோவுக்கு எங்க வீட்டுக்கு வழி மறந்துபோச்சா? தினம் நல்ல மீனா வாங்கி வாங்கி எங்க வீட்டுக்காரர் ஏலக்காரங்ககிட்ட கடன் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க, நாங்களும் பழைய சோத்துக்குத் திரும்பிடுவோம்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இனி யாரும் வரமாட்டார்கள் என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தபடியே, "அப்ப அது நிஜமாவே அவ்வளவுதானா" என்று கேட்டாள். இளையோர் குழுவில் பதினெட்டு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கும் நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கோல்டோ கோபமாக இருப்பதாக நீ நினைக்கலாம், அவர் வெட்கப்படுகிறார். வீடுகளுக்குப் போகக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. போனால் வேலை போகும் என்று கழகத் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். மே மாதத்தில் அவர் தேய்த்த சட்டை போட்டு வெளியே வந்தால் தெருவே அடங்கிவிடும், மீன் சந்தைக்காரர்கள் மட்டும் "இன்னிக்கு யார் வீட்டுக்குப்பா, சோகத்தோட விருந்து?" என்று சீண்டுவார்கள். இப்போது அந்தச் சட்டையைப் போடுவதையே விட்டுவிட்டார்.

உன் வயதில் எல்லாம் விரைவில் மறந்துபோகும், ஆகவே நினைவுபடுத்துகிறேன். பதினாறு வயதில் உன்னைக் கழித்ததைச் சொல்ல அவர் நம் வீட்டுக்கு வந்தபோது நீ குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாய். அம்மா சிவப்பு அவரையும் உப்புமீனும் செய்திருந்தாள். சொல்வதற்கு முன் ஒரு கவளமும் தொடக்கூடாது, சொன்ன பிறகு அந்த வீட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டாக வேண்டும் என்பது நம் கழகப் பயிற்சியாளர்களின் முறை. அவரையின் மேல் ஆடை படியும்வரை அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய் உனாய், சோத்த ஆற வச்சது நீ. பட்டினி கிடக்கிறது நான். வெளிய வந்து கேட்டுட்டு மறுபடி உள்ள போய் அழு." நீ வந்தாய். உன் அம்மாவின் முன்னாலேயே, எதையும் மழுப்பாமல் சொன்னார்: "உன் காலு மெதுவு, அது இனிமே வேகமாகாது. ஆனா எதிராளி பந்தை எங்க அனுப்பப்போறான்னு உனக்கு முன்னாடியே தெரியுது. காலு எனக்கு வேணாம், கண்ணு வேணும். சனிக்கிழமை லாரேட்டா பசங்க ஆட்டம், போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு." அதன் பிறகு இரண்டு தட்டு சாப்பிட்டார். நீ சனிக்கிழமை போனாய். ஆட்டத்தைப் பார்க்கவும் எண்ணவும் எழுதவும் அங்கேதான் கற்றாய். இன்று சிகாகோவில் எந்தத் திறமைக்காக உனக்குச் சம்பளம் தருகிறார்களோ அது அந்தப் பயனற்ற நேரத்தில், ஆறிப்போன அவரைக்கு முன்னால் உனக்குக் கிடைத்தது.

நீ கேட்டிருந்தாய், 'அப்பா, உணர்ச்சியை வைத்துக் கழகத்தை நடத்த முடியுமா' என்று. இதை உணர்ச்சி என்று நீ அழைப்பதுதான் எனக்குப் புரியவில்லை. மேல்தெருவில் ஒரு தாய், மகனைக் கழித்த கோபத்தில், கோல்டோவின் சட்டையில் சூப்பை ஊற்றினாள், அவர் அந்த ஈரச் சட்டையோடே மிச்ச சூப்பைக் குடித்துவிட்டு வந்தார். மழை நாளில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்று சூப் காய்ச்சுவது அந்தத் தாய்தான். ஒவ்வோர் ஆண்டும் இருபது பையன்களைக் கழிக்கிறோம், ஒருவனையோ இருவரையோ வைத்துக்கொள்கிறோம். எல்லாக் கழகங்களும் அந்த ஒருவனைத்தான் கவனிக்கின்றன. நம் கழகம் மற்றவர்களை இழக்காமல் பார்த்துக்கொண்டது. அணியின் மருத்துவர் கழிக்கப்பட்டவர். மலைக் கிராமத்தில் இடதுகாலால் அடிக்கும் ஒரு சிறுவன் இருக்கிறான் என்று முதலில் வந்து சொன்ன பாரந்தூக்கி ஓட்டுநர் கழிக்கப்பட்டவர். அந்தச் சிறுவன்தான் அரிட்ஸ், நம் தடுப்பாட்டக்காரன். பெரிய நகரத்துக் கழகம் அவனை மூன்று மடங்கு சம்பளத்துக்கு அழைத்தபோது அதே ஓட்டுநர் அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், "போறதுன்னா போ, ஆனா வெக்கங்கெட்டவனே, என் பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் போ" என்று சொல்ல, அவன் இன்னும் இரண்டு ஆண்டுகள் இங்கேயே ஆடினான். பணம் கொடுத்து இப்படி ஒரு ஊரை வாங்க முடியுமானால் உன் நிறுவனம் விலையைச் சொல்லட்டும்.

இனி நடப்பதைச் சொல்கிறேன். எகாய்ட்ஸின் அப்பா பதினோரு ஆண்டுகளாகக் கூலி வாங்காமல் இளையோர் பேருந்தை ஓட்டியவர். நேற்று சாவியைக் கழக அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாளை மருத்துவரும் போகலாம். சரிவு உடனே தெரியாது. நான்கைந்து ஆண்டுகள் கழித்து அணி இறங்கும், அப்போது கடல் காற்று மாறிவிட்டது என்று வேறொரு நிறுவனம் வட்டம் போடும்.

ஜூன் பதினான்காம் தேதி பொதுக்குழுவில் வாக்கெடுப்பு. திட்டத்தை எதிர்த்து நான் பேசப்போகிறேன், எதிர்த்தே வாக்களிப்பேன். எண்ணிப் பார்த்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம் என்கிறார்கள். உன் உறுப்பினர் அட்டை என் மேசையறையில் இருக்கிறது, ஆதரவாகப் போடச் சொல்லி நீ கையெழுத்திட்டு அனுப்பிய தாளும் அதோடு இருக்கிறது. அது மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று உன் தங்கை யோசனை சொன்னாள், நான் அவளோடு அன்று முழுக்கப் பேசவில்லை. உன் வாக்கு உன்னுடையது. நீ எதைச் சொல்கிறாயோ அதையே போடுவேன், அது என் வாக்கைக் கொன்றாலும்.

உன்னைப் பற்றி நான் நினைப்பதை முழுவதும் இந்தத் தாளில் எழுதவில்லை. எழுதினால் நானும் செய்தி அனுப்பியவன் ஆவேன். பள்ளியில் விடுப்புக் கேட்டுவிட்டேன். ஜூன் ஐந்து, வெள்ளிக்கிழமை மாலை சிகாகோ வந்து சேர்கிறேன், அட்டையையும் தாளையும் கொண்டுவருகிறேன். உன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டைத் தொடுவதற்கு முன், உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு நீ எந்தப் பக்கம் சொல்கிறாயோ அந்தப் பக்கம் போட ஊர் திரும்புவேன்.

நின்றுகொண்டு சாப்பிடாதே, வயிறு கெடும். அம்மா உனக்குக் கம்பளிச் சட்டை பின்னியிருக்கிறாள், பெட்டியில் வைக்கிறேன், வேண்டாம் என்று அவளிடம் தொலைபேசியில் சொல்லிவிடாதே. உடல்நலமும் தெளிந்த மனமும் உனக்கு வாய்க்கட்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை. ஏதாவது சமைத்து வை. என்ன வைத்தாலும், எவ்வளவு ஆறிப்போயிருந்தாலும், மிச்சமில்லாமல் சாப்பிடுவேன்.

உன் தந்தை,
இமனோல்