யார் கையிலும் வாங்காத நாய்

என் பாசமுள்ள அத்தாவுக்கு,

ஸலாம். நீங்கள் போய் இன்று எட்டாவது நாள். வீட்டு நடப்பைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். உயிரோடு இருந்தவரை உங்களோடு வாதாடி ஜெயித்தவர் இந்த வாளையாரில் யாரும் இல்லை. இப்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

சண்டை உங்கள் டைகரைப் பற்றி.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று அது பின்பக்க ஷெட்டில் கட்டிக் கிடந்தது. வந்து போன கூட்டத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தது. மறுநாள் சத்தமே இல்லை. தம்பி ரபீக் சோறு வைத்தான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் சோறு அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. துக்கத்தில் இருக்கிறது, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தோம்.

மூன்றாம் நாள் கறிச்சோறு வைத்தேன். மோந்து பார்த்தது. எச்சில் ஒழுகியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது. துக்கம் மட்டும் என்றால் எச்சில் ஏன் ஒழுக வேண்டும்? நீங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது செய்துகொண்டிருந்தது அத்தா.

உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பட்டப்பகலில் ரெண்டு திருடர்கள் வீட்டுக்குள் புகுந்து அம்மாவைத் தள்ளிவிட்டுப் போனபோது, கை உடைந்து அவர் அடுக்களையில் கிடந்ததை நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். ஹைவேயை ஒட்டிய வீடு. லாரியில் ஏறினால் அரைமணியில் தமிழ்நாட்டுக்குள் எங்கோ போய்விடலாம். நீங்களோ காலையில் டயர் கடைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவீர்கள். அகளிப் பக்கத்திலிருந்து ஒரு குட்டியை வாங்கி வந்தீர்கள். காவலுக்கு நாய் வைக்கலாம், வீட்டுக்குள் கூடாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். "காவலுக்கு மட்டும்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னீர்கள்.

பக்கத்து வீட்டு நாய்க்குக் கறித்துண்டில் மருந்து வைத்துக் கொன்றுவிட்டுத்தான் அங்கே திருடினார்கள். அதனால் உங்கள் நாய் உங்கள் கையைத் தவிர வேறு எந்தக் கையிலும் வாங்கக் கூடாது என்று முடிவு செய்தீர்கள். யாரையாவது விட்டு எதையாவது போடச் சொல்வீர்கள். அது வாயை வைத்தால் பிரம்பால் அடி. ஒரு மாதம் அப்படிப் பழக்கினீர்கள்.

யாரையாவது என்று ஏன் மழுப்புகிறேன்? என்னைத்தான் விட்டீர்கள். அப்போது நான் பேறுகாலத்துக்கு அடிமாலியில் புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தேன். நான் பிஸ்கட் போடுவேன். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து பிரம்போடு வருவீர்கள். எனக்கு அப்போது சிரிப்பாகக்கூட இருந்தது, அல்லா மன்னிக்கட்டும். கடைசி நாள் நான் போட்டதை அது திரும்பியும் பார்க்கவில்லை. நீங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். நானும் பிள்ளையை அணைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நமக்கெல்லாம் அந்த நிம்மதி பிடித்திருந்தது. அதன் விலை அந்த நாய்க்கு என்ன என்று யாராவது கேட்டோமா? ஒன்பது வருஷம் உங்கள் ஒருவரைத் தவிர யாரும் அதன் தலையைத் தொட்டதில்லை. நீங்கள் மௌத்தானால் அது என்ன செய்யும் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? இன்சூரன்ஸ் எடுத்தீர்கள், கடையை ரபீக் பேருக்கு மாற்றினீர்கள். இதை மட்டும் எப்படி மறந்தீர்கள்?

ஐந்தாம் நாள் மிருகாசுபத்திரி டாக்டர் வந்தார். சங்கிலி எட்டும் தூரத்துக்குள் நாய் அவரை விடவில்லை. தண்ணீர் குடிப்பதால்தான் உயிர் நிற்கிறது, இன்னும் ரெண்டு மூணு நாளில் தின்னாவிட்டால் கஷ்டப்படுத்தாமல் ஊசி போட்டுவிடலாம் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். ரபீக் சரி என்று தலையாட்டினான். எட்டாம் நாள் காலை பத்து மணி என்று பேச்சானது.

டாக்டர் வந்துபோன அன்று மத்தியானம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். போனில் உங்கள் வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டேன். "பௌசியா, வீடு போய்ச் சேந்தியாம்மா?" என்று உங்கள் குரல். நாலு நாளாகப் படுத்துக் கிடந்தது சடக்கென்று எழுந்தது. சோற்றைப் பார்க்கவே இல்லை. சங்கிலி இழுக்கிற தூரம்வரை போய் கேட்டைப் பார்த்து நின்றது. கால் நடுங்க நடுங்க பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்வரை நின்றது. நான் செய்ததிலேயே கொடுமை அதுதான். மறுபடி அந்தப் போனை ஷெட் பக்கம் கொண்டுபோகவில்லை.

நேற்று ரபீக்கிடம் சண்டை போட்டேன். அவன் கெட்டவன் இல்லை, உங்களுக்கே தெரியும். பசியில் கிடப்பதைப் பார்க்கமாட்டாமல்தான் சொல்கிறான். "சரிக்கா, எப்படியோ தின்ன வெச்சுட்டேன்னு வெய்யி. அப்புறம் யாரு போட்டாலும் திங்கும். காவலுக்கு ஆகாத நாய நாம எதுக்கு வெச்சுக்கோணும்? அத்தாவே வெச்சிருக்க மாட்டாரு" என்றான். நீங்கள் வைத்திருக்க மாட்டீர்கள் என்பது நிஜம்தானே?

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உங்களுக்காக இத்தாவில் இருக்கிறார், நாலு மாதம் பத்து நாள் வீட்டு எல்லையைத் தாண்டமாட்டார். உங்கள் நாயென்றால் அவருக்கு எத்தனை பயம்! துணி காயப்போடக்கூட அந்தப் பக்கம் போகமாட்டார்.

இன்று காலை எட்டு மணிக்கு அம்மா ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். சங்கிலி எட்டும் இடத்துக்குள் ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாய் பல்லைக் காட்டி உறுமியது. வாங்கம்மா, வாங்கம்மா என்று நான் வாய்க்குள்ளேயே கெஞ்சினேன். சத்தமாகக் கூப்பிடப் பயம். கையில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை வைத்து என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் பாதிச் சோற்றை அம்மாவே தின்றார். நீங்கள் போனதிலிருந்து அவர் கஞ்சியைத் தவிர எதுவும் தொடவில்லை. மீதியை உருட்டி, உடைந்து கோணலாகச் சேர்ந்த அந்தக் கையாலேயே நீட்டினார். உறுமல் நிற்கவில்லை. அம்மாவும் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

பிறகு அது எழுந்து வந்தது அத்தா. வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தது. கதவைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் காதை ஒடுக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்த உருண்டையை வாயில் வாங்கியது. விழுங்குகிறவரை கண்ணைத் திறக்கவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது. அடி விழும் என்று தெரிந்தே தின்றது.

எனக்கு அழுகையும் உங்கள் மேல் கோபமும் ஒன்றாக வந்தன. ரபீக் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றான். அம்மா உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உங்கத்தா நல்ல மனுசந்தான் கண்ணு. எனக்காகத்தான் செஞ்சாரு. ஆனா இது தப்புங்கண்ணு."

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன், அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். உங்களுக்காக துஆ கேட்கும்போது இனி இதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பேன். எனக்கும் அதில் பங்கு உண்டு.

மத்தியானம் நான் நீட்டினேன். என் கையை அது நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது, வாங்கவில்லை. நாளைக்கும் நீட்டுவேன். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன் அத்தா: அது என் கையிலிருந்து கண்ணைத் திறந்தபடி தின்னும்வரை நான் அடிமாலிக்குப் போகமாட்டேன்.

உங்கள் மேல் கோபமும் பாசமும் குறையாத,
உங்கள் மூத்த மகள் பௌசியா