கோலியின் நிழல்

அன்புள்ள உனக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். வானாய்வகத்து மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொள்வது குரலிலேயே தெரிகிறது.

தொலைபேசியில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் எனக்குக் கத்த வராது.

வழக்கமாக உன்னைக் கூப்பிடும் பெயரில் தொடங்கவில்லை. கவனித்திருப்பாய். கோபம் வந்தால் உன் கண்கள் உருளும், அதனால் கோலி. வைத்தவன் நான். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே மட்டும் புழங்கிய பெயர். இப்போது நெப்டியூனுக்கும் அப்பால், வெளிச்சம்கூடச் சரியாகப் போய்ச் சேராத இடத்தில், ஒரு கல்லுக்கு அந்தப் பெயர்.

நீ விளக்கியிருந்தாய். புதிதாக அகப்படும் எதற்கும் முதலில் எண்ணும் எழுத்தும் கலந்த பதிவுப் பெயர்தான் கிடைக்கும். முறையான பெயர் வர வருடங்கள் ஆகும். அதுவரை கூப்பிட வசதியாகக் குழுவுக்குள் ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொள்வீர்கள். சரி. வழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. வைத்தவரோடுதான்.

வைத்தவர் உன்னோடு வேலை பார்ப்பவர்; அவரை நீ நெட்டை என்பாய். மரியாதைக்காக நான் நெட்டையார் என்கிறேன். நெட்டையாருக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? "சின்னதா, உருண்டையா இருக்கும்னு தோணுச்சு, கோலின்னு வெச்சிட்டாரு, இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை. பட்டாணியும் சின்னதாக, உருண்டையாகத்தான் இருக்கிறது. பட்டாணி என்று வைத்திருக்கலாமே.

இங்கே கோளரங்கத்தின் பின்பக்கப் பட்டறையில் குறுங்கோள்கள் செய்துகொண்டிருக்கிறேன். அவற்றுக்கென்று இயக்குநர் தனி அறை திறக்கிறார். ஐந்து உருண்டை வேண்டும் என்றார். நாலு உருண்டை, ஒரு முட்டை என்றேன். ஐந்தில் ஒன்றான ஹௌமேயா அப்படித்தான். வேகமாகச் சுழன்று நீண்டுவிட்டது. ஆனாலும் தன் எடை இழுத்த இழுப்புக்கு வளைந்த வடிவம் என்று சேர்த்துக்கொண்டார்கள். டிக்கெட் கொடுக்கும் அக்கா எட்டிப் பார்த்து, "இது மேல யாராச்சும் உக்காந்துட்டாங்களா?" என்றார்.

சுவர்ப் பலகையும் என் கையெழுத்துதான். கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும். தன் எடையாலேயே உருண்டிருக்க வேண்டும். தன் பாதையில் வேறெதுவும் திரியாதபடி துடைத்திருக்க வேண்டும். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால் குறுங்கோள்.

மூன்றாவது வரியில் தூரிகை நின்றுவிட்டது. உன்னைத்தான் சுற்றுகிறேன். தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்று உருண்டையாகவும் ஆகிவிட்டேன். ஆனால் பாதையில் நெட்டையார் திரிகிறார். அப்படியானால் நான் குறுங்கணவன்.

அக்காவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், "பொறாமைப்படக்கூட உனக்குப் பலகை வேணுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நீ கேட்ட உதவிக்கு வருகிறேன். அந்தக் கல் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கப் போகிறது. அதன் நிழல் இந்தப் பக்கமாக ஓடும். பல ஊர்களில் பலர் நின்று, நட்சத்திரம் எவ்வளவு நேரம் காணாமல் போகிறது என்று அளந்தால், அந்த அளவுகளை அடுக்கி அதன் உருவத்தை வரைந்துவிடலாம். உருண்டையா, கோணல் கல்லா என்று தெரிந்துவிடும். நான் கோளரங்கத் தொலைநோக்கியோடு நிழலின் விளிம்பில் நிற்க வேண்டும். உருண்டை என்றால் என் இடத்திலும் நட்சத்திரம் ஒரு கணம் அணையும். கோணல் என்றால் அணையாது.

உருண்டை என்றால் அதைக் குறுங்கோள் வரிசையில் சேர்க்கக் கேட்பீர்கள்; நீ இன்னும் ஒரு வருடம் மலையில் இருப்பாய். கோணல் என்றால் இந்தப் பருவம் முடிந்ததும் வீடு. இதையும் நீயே எழுதியிருக்கிறாய், கடைசியில், பொடி எழுத்தில்.

யாரிடம் எதைக் கேட்கிறாய் பார்.

போய் நிற்கிறேன். பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு மட்டும் பதில் போடு. வெளியே போனால் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
உன் குறுங்கணவன்

*

அன்புள்ள உனக்கு,

பதில் கிடைத்தது. சின்னப் பதில். "கட்டுப்பாட்டு அறை போனுக்கு நீ கூப்பிட்டப்ப எடுத்தவரு அவருதான். 'கோலி இருக்காளா?'ன்னு அவருகிட்ட கேட்டது நீ."

கேட்டிருப்பேன். உன் முழுப்பெயர் என் நாக்கில் வருவதேயில்லை. வீட்டுப் பெயரை நானே மலைவரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திருட்டுப் போய்விட்டது என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன். இந்த முறை அக்கா சிரித்தார். வரிசையில் நின்றவர்களுக்கு டிக்கெட் கிழிக்க முடியாத அளவுக்கு.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. போனில் ஒரு தடவை காதில் விழுந்த சொல்லை ஒருவர் ஏன் அத்தனை பத்திரமாக வைத்திருந்தார்? வானத்தில் ஒன்று அகப்பட்டதும் ஏன் அதுவே வாயில் வந்தது? நீ பதில் எழுத வேண்டாம். உனக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் எழுத வேண்டாம்.

இனி நட்சத்திரம்.

ஊருக்கு வெளியே, மூடிப்போன செங்கல் சூளைக்குப் பக்கத்தில் இடம் பார்த்தேன். இருட்டத் தொடங்கும் நேரம்தான். அக்கா துணைக்கு வந்தார். கொசு கடிக்கிறது என்று வழியெல்லாம் உன்னைத் திட்டினார். கேமராவை இயக்கத் தெரிந்தவர் விடுப்பில் இருப்பதால் பழைய முறைதான். ரேடியோவில் நேரத்துக்கான பீப் ஓட, பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி. கண் தொலைநோக்கியில். மறைந்தால் "போச்சு" என்று சொல்ல வேண்டும். தெரிந்தால் "வந்துச்சு". அவ்வளவுதான் வேலை.

அணையாதே, அணையாதே என்றுதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வேலைக்கு எதிராக. உன்னிடம் மறைக்கவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

அது போனது. மங்கவில்லை, நடுங்கவில்லை. இருந்தது, இல்லை. பக்கத்து அறையில் யாரோ விளக்கை அணைத்தது போல. பிறகு அதே போல, மறுபடி இருந்தது.

அக்கா "என்னாச்சு? ஏன் கத்தினே?" என்றார். "ஒண்ணுமில்லக்கா, மேகம்" என்றேன். வானத்தில் மேகம் என்று ஒன்றுமே இல்லை. அவர் அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். தொலைநோக்கியின் காலை மடக்க ஆரம்பித்தார்.

கருவி என் சட்டைப்பையில் இருந்தது. பார்த்தவன் நான் ஒருவன். அழிக்க ஒரு பொத்தான். மேகம் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். மற்ற ஊர்க்காரர்களின் அளவுகளை வைத்து ஏதோ ஒன்றை வரைந்து, தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை என்று முடிப்பீர்கள். நீ வீட்டுக்கு வந்துவிடுவாய்.

அழிக்கும் முன் ஒரு முறை கேட்போம் என்று வீட்டில் போட்டேன். "போச்சு" என்கிற குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். போனில் உன்னிடம் கத்துகிற அதே ஆள். அடுத்த பீப்புக்கு அப்புறம் "வந்துச்சு". அது யார் என்று தெரியவில்லை. சிரிப்பும் அழுகையுமாக ஒரு ஆள். நட்சத்திரம் திரும்பத் தெரியும் என்று அவனுக்கு முன்பே தெரியும். கணக்கே அதுதான். ஆனாலும் அப்படிச் சொல்லியிருக்கிறான்.

அழிக்கவில்லை. பதிவு இந்த உறைக்குள் இருக்கிறது. என் இடத்தில் நட்சத்திரம் அணைந்தது. நீங்கள் நினைத்தபடி உருண்டைதான் போலிருக்கிறது. நெட்டையாரிடம் கொடு. முதல் சொல்லை அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கேட்கட்டும். இரண்டாவதை நீ கேள். அவர் அறையில் இல்லாதபோது.

அங்கீகாரம் வரட்டும், அவசரப்படாதே என்றார் இயக்குநர். நான் ஆறாவது உருண்டையைச் செய்துவிட்டேன். உள்ளங்கையில் அடங்குகிறது. பிளாஸ்டர் காய்ந்து வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது, உன் பக்கத்துத் தலையணை மேல். என்ன நிறம் பூசுவது என்று எனக்குத் தெரியாது.

எழுதி அனுப்பாதே. ஒரு வருடம் ஆனாலும் சரி, வந்து சொல், கோலி.

இப்படிக்கு,
நான்