ஐந்தாம் சுற்றில் நிற்கும் கணக்காளரின் மனு

அனுப்புநர்
கணக்காளர் பணிக்கான விண்ணப்பதாரர்,
(மூடப்பட்ட அச்சகத்தின் முன்னாள் கணக்காளர்),
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு, மாடி.

பெறுநர்
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: நேர்முகத் தேர்வு என்ற பெயரில் முழுநேர வேலை வாங்கிக்கொண்டு, பணி ஆணையை மட்டும் வழங்காத ஸ்டார்ட்அப் நிறுவனத்தின் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்க்கண்டவற்றைப் பூசி மெழுகாமல் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. நான் ஓர் அச்சகத்தில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவள். அழைப்பிதழ்களைக் கைப்பேசியிலேயே அனுப்பிக்கொள்ள மக்கள் பழகிவிட்டதால் அச்சகம் மூடப்பட்டது. முதலாளி கண்கலங்கி விடைகொடுத்தார். அவர்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அன்று முதல் வேலை தேடி நான் ஏறி இறங்காத படி இல்லை. ஒரு நிறுவனம் எனக்கு அனுபவம் அதிகம் என்றது. இன்னொன்று, அதே அனுபவம் போதாது என்றது. மற்றொன்று என் விண்ணப்பத்தைக் கண்டு வியந்துபோனதாகவும், வருந்துவதாகவும் ஒரே கடிதத்தில் தெரிவித்தது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள் அக்கடிதம் வந்துவிட்டதால், வியக்கவும் வருந்தவும் அவர்களுக்கு எப்போது நேரம் கிடைத்தது என்பது விளங்கவில்லை.

2. என் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இப்போதைக்கு அந்த வேன்தான் எங்கள் வீட்டையும் இழுக்கிறது. முதுகுத் தண்டு தேய்ந்துவிட்டது, கொஞ்ச காலம் ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஓய்வு, எனக்கு வேலை கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறது. இதைத் தங்கள் இரக்கத்தைத் தூண்டும் பொருட்டு எழுதவில்லை. சற்றே தூண்டினாலும் ஆட்சேபணை இல்லை.

3. இந்நிலையில்தான் மேற்படி நிறுவனத்தின் விளம்பரம் என் கண்ணில் பட்டது. பழுதான மிக்ஸி, மின்விசிறி வகையறாவைச் சரிசெய்ய வீட்டுக்கே ஆள் அனுப்பும் செயலி அது. டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அலுவலகம். நாற்காலிக்குப் பதிலாக வண்ண வண்ணப் பைகள் போட்டிருக்கிறார்கள். உட்கார்வது எளிது, எழுந்திருக்க இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். என்னை நேர்காணல் செய்தவர் மனிதவள மேலாளர் அம்மையார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, ஐந்து ஆண்டு கழித்து நான் எங்கே இருப்பேன் என்று கேட்டார். இந்த வாரம் எங்கே இருப்பேன் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்பதை அடக்கிக்கொண்டு, இதே பையில் இருப்பேன் என்றேன். முதல் சுற்றில் தேறினேன்.

4. இரண்டாம் சுற்றில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய ரசீதுகளைக் கொடுத்து, என் திறமையைப் பார்க்கவேண்டும் என்றார்கள். காட்டினேன். மூன்றாம் சுற்றில் நிறுவனத்தின் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொன்னார்கள். மாதிரிக்கு என்றுதான் நினைத்தேன். வரித்துறையிலிருந்து ஒப்புகை வந்த பிறகுதான் அது அசல் என்று தெரிந்தது. நான்காம் சுற்று, நான் குழுவோடு ஒத்துப்போகிறேனா என்று பார்ப்பதாம். காலையில் வரவேண்டும், இருட்டிய பிறகு போகலாம். ஒத்துப்போய்க்கொண்டே இருக்கிறேன். இரவில் வீட்டுப் படியேறும்போதே என் கணவர், “லெட்டர் குடுத்துட்டாங்களா?” என்று கேட்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு என் முகத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தார். அதற்குக் கேட்பதே மேல்.

5. ஏன் விலகவில்லை என்று தாங்கள் வினவலாம். விலகினால் மறுபடியும் வேலை தேட வேண்டும்.

6. குட்டு வெளிப்பட்டது சாப்பாட்டு வேளையில். மனிதவள மேலாளர் அம்மையார் என் பக்கத்தில் வந்து டப்பாவைத் திறந்தார். என் பொரியல் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அக்கா, உங்களுக்கு இது எத்தனையாவது ரவுண்டு? எனக்கு நாலு. இருபது பேரை இன்டர்வியூ பண்ணிக் காட்டணும்னு சொன்னாங்க. நீங்க பதினொண்ணாவது ஆள்.” ஆக, என்னைத் தேர்ச்சி பெறச் செய்தவரே இன்னும் தேர்ச்சி பெறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அழுகை வந்தது. சற்று நேரத்தில் மாற்றிக்கொண்டோம்.

7. அதைக் கேட்டு மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தனர். மென்பொருள் எழுதுபவர் மூன்றாம் சுற்று. வாடிக்கையாளர் அழைப்பை எடுப்பவர் ஐந்தாம் சுற்று. அவர்தான் எங்களில் மூத்தவர். வீடு வீடாகப் போய் மிக்ஸி பார்க்கும் மெக்கானிக்குக்கு ஒவ்வொரு வீடும் ஒரு சுற்று. அக்கட்டடத்தில் செய்த வேலைக்குக் கையோடு காசு வாங்கிக்கொண்டு போகிறவர், கீழேயிருந்து தேநீர் கொண்டுவருபவர் ஒருவரே. முதல் நாள் நிறுவனர் என்னிடம், “இங்க ஸ்டாஃப்னு யாரும் கிடையாதுக்கா, நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்தின் முற்பாதியில் அவர் பொய்யே சொல்லவில்லை என்பதை நியாயமாகப் பதிவு செய்கிறேன்.

8. எல்லோருமாகத் திரண்டு நிறுவனரின் கண்ணாடி அறைக்குள் நுழைந்தோம். அவர் இளைஞர், தம்பி என்றுதான் கூப்பிடுவோம். வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும் என்றுதான் போனேன். “தம்பி, எங்களை எப்போ செலக்ட் பண்ணுவீங்க?” என்று தொடங்கியதுமே அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். “என்னையே இன்னும் யாரும் செலக்ட் பண்ணலக்கா. முதலீடு போடறவங்க ஏழாவது தடவையா வரச் சொல்லியிருக்காங்க” என்றார். சட்டைக் காலரின் உள்பக்கம் இஸ்திரிப் பெட்டி தீய்த்த தடம் தெரிந்தது. அதை மறைக்கத்தான் கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கிறார். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியில்தான் இம்மனு எழுதப்படுகிறது.

9. எப்படியும் தொழிலாளர் நல அலுவலகத்தில் புகார் கொடுக்கப்போகிறேன் என்று நிறுவனரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் பயந்திருந்தால் இம்மனு இங்கேயே முடிந்திருக்கும். மாறாக அவர் முகம் மலர்ந்தது. விசாரணை வந்தால் நிறுவனத்தின் சார்பில் யார் ஆஜராவது என்று அவருக்குப் பெரிய கவலையாம். அப்படி ஆஜராவதையே எனக்கு ஐந்தாம் சுற்றாக, கடைசிச் சுற்றாக, அறிவித்துவிட்டார். நிறுவனத்தின் மீது தவறில்லை என்று தங்களை ஏற்க வைத்தால் மறுநாளே பணி ஆணை. வெள்ளைப் பலகையில் எல்லோர் முன்னிலையிலும் எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஆகவே இம்மனுவை எழுதிய சூட்டோடு, நிறுவனத்தின் சார்பில் இதற்கான பதிலையும் நானே எழுதி முடித்துவிட்டேன். மனுவைவிடப் பதில் நன்றாக வந்திருக்கிறது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மனுவில் பிழை திருத்தியவர் மனிதவள அம்மையார். அவருக்கு அதுவும் ஒரு சுற்றாகக் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆகவே, ஐயா அவர்கள் கருணைகூர்ந்து,

(அ) தேர்வு என்று சொல்லி வேலை வாங்குவதற்கு ஓர் எல்லை வகுத்து, அந்த எல்லையை என்றோ தாண்டிவிட்ட எங்கள் அனைவருக்கும் பணி ஆணையும் சம்பளமும் வழங்க உத்தரவிட வேண்டுகிறேன்;

(ஆ) கோபத்தில் நிறுவனத்தையே இழுத்து மூடும்படி மட்டும் உத்தரவிட வேண்டாம். மிக்ஸி உண்மையிலேயே சரியாகிறது. வாடிக்கையாளர் உண்மையிலேயே அழைக்கிறார்கள். நாங்கள் வேலை செய்கிறோம் என்பதில் மட்டும்தான் இன்னும் யாரும் கையெழுத்திடவில்லை;

(இ) விசாரணை நாளன்று நிறுவனத்தின் பக்கம் பச்சைப் புடவையில் ஒரு பெண் எழுந்து நிற்பாள். அங்கே எல்லாம் முறைப்படியே நடக்கிறது, யாருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று அடித்துப் பேசுவாள். அவள் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட நம்ப வேண்டாம். நன்றாகத்தான் பேசுவாள், ஐயா. அவளுக்கு அந்த வேலை அவ்வளவு தேவைப்படுகிறது.

நாள்: ஐந்தாம் சுற்றுக்கு முந்தைய நாள்
இடம்: டயர்க் கடை மாடி, சாப்பாட்டு மேசை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மனுதாரர், எதிர்மனுதாரரின் பிரதிநிதி