நிமிடத்துக்கு மூன்று மில்லி

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் சௌக்கியம்.

ஆலையில் ஒரு கூத்து நடந்தது. பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தொட்டியில் மருந்துச் சரக்கைத் தயாரிப்பது ஒரு நொதி. அதற்குப் பெராக்சைடு ஊட்டுவது என் வேலை. அது இல்லாவிட்டால் நொதி சும்மா கிடக்கும். மொத்தமாக ஊற்றினாலோ செத்துவிடும். அதனால் பம்பில் நிமிடத்துக்கு மூன்று மில்லி என்று வைப்போம். செவ்வாய்க்கிழமை நான் முப்பது வைத்துவிட்டேன். தொட்டி முழுக்க வீண்.

சூப்பர்வைசர் திட்டவில்லை. "பச்சப்புள்ளைக்கு ஒரு வாரச் சாப்பாட்ட ஒரே வாயில திணிப்பியாம்மா?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று காலையில்தான் நீ போனில் சொன்னாய், என் பேரைக் கேட்டதும் அப்பா "யாரு அது?" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு மணி நேரம் "இது ஞாபகம் இருக்காப்பா, அது ஞாபகம் இருக்காப்பா" என்று நான் அவரைத் துளைத்தெடுத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களையும் அவருக்குப் பரீட்சை வைக்கவிடாதே. இனி தினமும் ஒரே ஒரு நிமிடம் போனை அவர் காதில் வை. நான் யாரென்று சொல்லாதே. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உனக்கும் அப்பாவுக்கும்
மகள்