பௌர்ணமி நேரம் கேட்பவர்கள்

இன்று காலை உன் வீட்டுக் கீழ் அறையைத் திறந்ததும் பினாயில் வாசனை முகத்தில் அடித்தது. யாரும் தங்காத அறையை உன் மனைவி நேற்றும் கழுவிவிட்டிருக்கிறாள். புதிதாகத் துவைத்த விரிப்பு, மடித்து வைத்த துண்டு. எனக்கு வந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது? நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய். ஆகவே இதை எழுதுகிறேன்.

தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும் செங்கம் ரோட்டில் இருக்கும் உன் வீட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விடப்போவதாக நீ சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். இணையதளமும் நீயே செய்தாய். பிழை திருத்த என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாய். மேலே மலையின் படம். அதன் கீழே மலையின் பெருமை, கிரிவலப் பாதை, வழியில் இருக்கும் லிங்கங்கள், ஒவ்வொரு மாதமும் பௌர்ணமி தொடங்கும் நேரம், முடியும் நேரம். படித்துக்கொண்டே போனேன், முடிவே இல்லை.

"ரூம் எங்கடா இருக்கு?" என்று கேட்டேன்.

"கீழ போ, வரும்."

வந்தது. கடைசியில் ஒரே வரி, அதோடு தொலைபேசி எண். அதை மேலே ஏற்றச் சொன்னதற்கு நீ கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாய். "மலைக்கு மேல என் வீட்டுப் பேர போடச் சொல்றியா?" நாற்பது பிள்ளைகளை ஒரு வகுப்பில் அடக்கியவன் நான்; உன்னை அடக்க முடியவில்லை.

நீ போன பிறகு உன் மகன் சென்னையிலிருந்து வந்து பேசினான். பக்கத்தில் காபி கடை வைத்திருப்பவர் வீடு முழுவதையும் குத்தகைக்குக் கேட்கிறார், அம்மா என்னோடு வந்துவிடட்டும் என்றான். அவள் வரமாட்டேன் என்றாள். கடைசியில், ஆடி முடியும்வரை பார்ப்போம், அதற்குள் அறைகள் ஓடாவிட்டால் வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. கார்த்திகை தீபத்துக்கு எல்லா வீடும் நிரம்பும். மழைக்கு எல்லாக் குளமும் நிரம்புகிற மாதிரிதான் அது. மற்ற மாதங்களில் நிற்கும் தண்ணீரைத்தானே கணக்கில் சேர்க்க முடியும்?

விளம்பரம் செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அவர் மாதாமாதம் கேட்ட தொகையில் உன் வீட்டு மளிகை ஓடிவிடும். செலவில்லாத வழியாக நானே யோசித்து, என் பழைய மாணவர்களிடம் அந்தத் தளத்தில் அறைகளைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னேன். பிள்ளைகள் எழுதினார்கள். எதைப் பற்றி? என்னைப் பற்றி. 'சார் பின்னத்தை வேர்க்கடலையை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்' என்று ஒருவன். 'அடிக்கவே மாட்டார்' என்று ஒருத்தி. அறை தேடி வருகிறவனுக்கு இது எதற்கு? அவர்களில் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருப்பவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தங்காத எடத்தப் பத்தி எப்படி சார் எழுதறது? பொய் எழுதக்கூடாதுனு நீங்கதான சொன்னீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் உன் தளம் பிரபலமாகத்தான் இருந்தது, பௌர்ணமி நேரத்துக்காக. வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நாள் முழுக்க அழைப்பு வரும். எப்போது ஆரம்பிக்கிறது, எந்த வழியாகச் சுற்றுவது, செருப்பை எங்கே விடுவது என்பார்கள். அறை வேண்டுமா என்று கேட்டால், சுற்றிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவோம் என்பார்கள். உன் மனைவி அத்தனை பேருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வாள். ஆடி பிறந்ததும் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு அறைகளின் படத்தைப் போடலாம் என்றேன்.

"அத மட்டும் எடுக்காதீங்க அண்ணா. அவரு எழுதினது."

"ஏம்மா, அது சோறு போடுதா?"

அப்போதுதான் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். ஸ்பீக்கரில் வழக்கம்போல் நேரம் கேட்டாள். அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அப்பாவுக்கு முட்டி வலி ஜாஸ்தி, மலையைப் பார்க்கணும்னு அடம் பிடிக்கிறார், நாங்கள் சுற்றி வரும்வரை அவரை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டாள். நானும் உன் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இங்க உக்கார வையுங்க," என்றாள் உன் மனைவி. "படி ஏற வேணாம். கட்டில்ல இருந்தே மலை தெரியும்."

பெரியவர் வந்தார். ஜன்னலோரம் சாய்ந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சுற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த பௌர்ணமிக்கும் அறை சொல்லிவிட்டிருந்தார், தன் அக்காவையும் சேர்த்து. நீ எழுதிய பௌர்ணமி நேரத்துக்குக் கீழேயே நான் ஒரு வரி சேர்த்தேன்: நடக்க முடியாதவர்களை இங்கே விட்டுச் செல்லலாம். உன் மனைவி படித்துவிட்டு, "அனாதை ஆசிரமம்னு நினைச்சிக்கப் போறாங்க அண்ணா" என்றாள். 'வீட்டார் வலம் வந்து திரும்பும்வரை இங்கே தங்கி மலையைப் பார்க்கலாம்' என்று மாற்றினேன்.

இப்போது பௌர்ணமிகளுக்கு மூன்று அறையும் போதவில்லை. வந்தவர்களில் சிலர் சாதாரண நாட்களிலும் நாலு நாள் தங்குகிறார்கள். மற்றபடி அறைகள் இன்றைக்கு மாதிரி காலியாகத்தான் கிடக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஆனால் ஆடி முடிந்தபோது மகன் கேட்டதற்கு அவள், "பௌர்ணமிக்கு ஆளுங்க வராங்கப்பா, நான் இல்லாம எப்படி?" என்றாளாம். காபி கடைக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டுவிட்டார்.

எனக்குத்தான் விடுதலை இல்லை. வீட்டார் மலையைச் சுற்றப் போனதும் இந்தப் பெரியவர்களுக்குப் பேச்சுத்துணை வேண்டும். அது நான். ஒருவர் தன் மருமகனைப் பற்றிச் சொல்லுவார், இன்னொருவர் சர்க்கரை அளவைச் சொல்லுவார். ஆசிரியர் என்று தெரிந்ததும் பேரனின் மதிப்பெண்ணையும் சொல்லுவார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகள் வரச்சொல்லிக் கூப்பிட்டால் முதலில் பஞ்சாங்கத்தைத்தான் எடுக்கிறேன். "ஊர்ல இல்லாத பௌர்ணமி உங்களுக்கு மட்டும் என்னப்பா?" என்று கோபித்துக்கொள்கிறாள். அவளுடைய அந்தக் கோபத்தை நான் உன் கணக்கில்தான் எழுதி வருகிறேன்.